ஒரு சாண் கத்தி

தக்காளியோடுதான் கடைக்குப் போனேன்.
தொட்டால் அமுங்கும் நாட்டுப் பழம் நாலு,
ஒரு பல்லாரி,
கையகலத்துக்குச் சேனைக்கிழங்குத் துண்டு.
வாகையடி முக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி
அந்தப் பாத்திரக்கடை.
ஜெபசிங் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
எடுத்து எடுத்துப் பரப்பினான்.
"எல்லாம் கம்பெனி ஐட்டம்க்கா, துருவே பிடிக்காது."

துருப்பிடிக்காதது எனக்கு எதற்கு?
சும்மா கிடக்கிற கத்திக்கல்லவா துரு.

முதலாவது மினுங்கியது,
முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்யலாம் போல.
தக்காளித் தோலில் வைத்தேன், வழுக்கியது.
அழுத்தினேன்,
கல்லாப்பெட்டி வரை தெறித்தது சாறு.
அடுத்ததற்கு வயிறே இல்லை,
பலகையில் இறக்கினால் விரல்முட்டி இடிக்கும்.
இன்னொன்றின் பிடியைத் தட்டிப் பார்த்தேன்,
உள்ளே பொள்ளல்.
இரும்பு விரற்கடை தூரம் போய் நின்றுவிட்டிருக்கிறது.
சேனையைப் பார்த்தாலே கழுத்து முறியும்.

அப்படி ஒன்று முறிந்துதான்
சுத்தமல்லிக் கல்யாணத்தில்
என் இடது சுண்டுவிரலுக்கு மூன்று தையல்.
மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது.
சொதி பிரமாதம் என்றார்கள்.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிய?"
"பொண்ணை எவம்ல இவ்வளவு பாக்கான்?"

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்
பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தான்.
"இதை யாரும் கேக்கது இல்ல."
கறுத்த இரும்பு. வேலம்பிடி. மூன்று பித்தளை ஆணி.
வால் பிடியின் கடைசிவரை ஓடியிருந்தது.
கழுத்தை ஒற்றை விரலில் தாங்கினேன்,
எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.
டியூப்லைட்டுக்கு நேரே கூரைத் திருப்பினேன்.
மழுங்கின இடம் வெள்ளையாய்க் கண்ணைக் காட்டிக்கொடுக்கும்,
இதில் எங்கும் வெள்ளை இல்லை.
தக்காளியின் மேல் சும்மா வைத்து
இழுத்தேன்.
அவ்வளவுதான்.
வெட்டுப்பட்டது பழத்துக்கே
சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

நானூறு என்றான், முந்நூற்றி எண்பதுக்கு முடித்தோம்.
இருபது குறைத்ததால் பில் இல்லை.

மூன்று நாளாய் ஊர் சரியில்லை.
கொக்கிரகுளம் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி
பை பையாய்ப் பார்த்தார்கள்.
என் பையில் கைவிட்ட பெண் போலீஸ்
அப்படியே நிமிர்ந்தாள்.
நெஞ்சில் பெயர்: மு. இசக்கியம்மாள்.
"இறங்கும்மா."

பேப்பரைப் பிரித்தாள்.
பேப்பரிலும் அரிவாள்கள்.
மேசை மேல் ஒழுங்காய் அடுக்கி,
பின்னால் அதிகாரிகள் நிற்கிற படம்.
அதன் நடுவே
என் கத்தி.

"எதுக்கு இது?"
"நாளைக்கு மறுவீட்டுச் சாப்பாடு. முந்நூறு இலை."
"எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்யுதாக."

பையைக் கவிழ்த்தேன்.
பாதித் தக்காளி, அறுபட்ட பல்லாரி,
கண்ணாடி மாதிரி வெட்டுவாய் தெரிந்த சேனை.
அவள் என் கையைப் பிடித்து
மூக்கருகே கொண்டுபோனாள்.
பல்லாரி.
இருபது வருசத்துப் பல்லாரி,
எந்த சோப்புக்கும் போகாதது.

பிறகு பெருவிரலைக் கூரில் வைத்தாள்,
நீளவாக்கில் இல்லை, குறுக்கே.
தெரிந்தவள்தான்.
குரலைத் தாழ்த்தி,
"சிறுகிழங்குத் தோல் போகுமா இதுல?"
"அதுக்குக் கத்தி எதுக்கு, சாக்குல போட்டுத் தேயி தாயி."
"எங்க வீட்ல சாக்கு இல்லையே" என்றாள்
யூனிபாரத்தில் நின்றுகொண்டு.

படம் உள்பக்கமாய்ப் போகும்படி
மடித்துச் சுற்றிக் கொடுத்தாள்.
கடை எங்கே என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறினபோது
என் பக்கத்தில் இருந்த பையன்
எழுந்து கம்பியைப் பிடித்து நின்றான்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
பாதித் தக்காளியைக் கையிலேயே வைத்திருந்தேன்,
சேலையில் சொட்டியது.
பாளை மார்க்கெட்டில் இறங்கும்போது
பின்னாலிருந்து கேட்டான்:
"எவ்வளவுக்கா அது?"
"முந்நூத்தி எம்பது."
கொஞ்சம் யோசித்துவிட்டு
"கூடத்தான்" என்றான்.